கைக் கரப்பானுக்கு வெட்பாலைத் தைலம் கேட்குமா?



இன்றைக்கு நெல்லைப் பற்றிப் பேசப் போவதில்லை. அதை நடுகிற கையைப் பற்றிச் சொல்லப் போகிறேன்.

அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் கார், பிசானம் என்று இரண்டு பருவம். நடவும் களையெடுப்புமாக நாள் முழுக்கக் கை சேற்றிலே ஊறுகிறது. வீட்டுக்கு வந்தால் சோப்புத் தூள், பூண்டு, வெங்காயம். போதாததற்கு உரம், பூச்சிமருந்து. சிலருக்குக் கை சிவந்து, அரித்து, நீர் கசிந்து, பிறகு தடித்து வெடித்துப் போகிறது. இதுதான் கைக் கரப்பான். ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டாது. ஆனால் வருஷக்கணக்கில் போவதும் வருவதுமாக இருக்கும். கை வெடித்தால் வேலை நிற்கும், கூலியும் நிற்கும்.

இதற்கு வெட்பாலைத் தைலம் பூசு என்பாங்க. வெட்பாலை இலையை நறுக்கித் தேங்காய் எண்ணெயில் போட்டுச் சில நாள் வெயிலில் வைத்தால் எண்ணெய் ஊதா நிறமாகும். காளாஞ்சகப்படை என்ற செதில் நோய்க்குச் சித்த மருத்துவர்கள் தருகிற தைலம் இது. சரி, உங்கள் கைக் கரப்பானுக்கும் கேட்குமா? சோதித்துத்தான் பார்க்க வேண்டும்.

எப்படிச் சோதிப்பது? நம் வயலே வழி சொல்லும். அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் 1937-ல் தொடங்கியது. 1986-ல் வெளிவந்த அம்பை 16 ரகம் உங்களுக்குத் தெரிந்ததே. ஒரு ரகத்தை வெளியிடுமுன் புதியதையும் பழையதையும் அடுத்தடுத்த பாத்திகளில் நட்டு, ஒரே உரம், ஒரே தண்ணீர் கொடுத்துப் பார்ப்பார்கள். எந்தப் பாத்தியில் எது என்பதைச் சீட்டுக் குலுக்குவது போல முடிவு செய்வார்கள். இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் வேளாண் நிலையத்தில் பணியாற்றிய ஃபிஷர் வகுத்த முறை இது. வைத்தியத் துறையும் பிற்பாடு இதைக் கைக்கொண்டது. 1956-ல் சென்னையில் தொடங்கிய சோதனையில் காசநோயாளிகளை இப்படித்தான் இரண்டு பிரிவாக்கினார்கள். வீட்டிலிருந்து மருந்து சாப்பிட்டவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களைப் போலவே குணமானார்கள்.

கரப்பானுக்கு இந்த ஒப்பீடு ஏன் தேவை? நடவு முடிந்து கை காய்ந்தாலே பாதி ஆறிவிடும். அப்போது எதைப் பூசினாலும் பெயர் அதற்குத்தான்! மேலும், தைலத்தில் பெரும்பங்கு தேங்காய் எண்ணெய். வெறும் எண்ணெயே வெடிப்புக்கு இதம் தரும். ஆற்றியது இலையா, எண்ணெயா?

ஆகவே இப்படிச் செய்யுங்கள். ஒரே எண்ணெயை இரண்டு பாட்டிலில் ஊற்றி, ஒன்றில் மட்டும் இலையைப் போடுங்கள். இரண்டையும் ஒரே வெயிலில் வையுங்கள். இலை ஈரமில்லாமல் இருக்கட்டும். வெட்பாலைதானா என்று தெரிந்தவரிடம் காட்டிக்கொள்ளுங்கள். குடசப்பாலையோடு குழப்பிக்கொள்பவர்கள் உண்டு.

முதலில் முழங்கையின் உள்பக்கம், நல்ல தோலில் சிறிது தைலத்தை ஒரு வாரம் தினம் இரண்டு வேளை பூசுங்கள். அரிப்போ தடிப்போ வந்தால் அந்தத் தைலம் உங்களுக்கு ஆகாது. பச்சிலை என்றால் கெடுதல் செய்யாது என்று நினைக்கக் கூடாது. சேராங்கொட்டைப் பால் பட்டால் தோல் என்ன பாடுபடும் என்பது உங்களுக்குத் தெரியாததா?

பிறகு நாணயத்தைச் சுண்டிப் போடுங்கள். தலை விழுந்தால் வலது கைக்குத் தைலம், இடது கைக்கு வெறும் எண்ணெய். பூ விழுந்தால் மாற்றி. இரவில் மட்டும் நான்கு வாரம் பூசுங்கள். வாரம் ஒருநாள் காலையில் கையைக் கழுவிவிட்டு, எந்தக் கையில் எது என்று தெரியாத ஒருவரிடம் காட்டி, வெடிப்புகளை எண்ணிக் காலண்டரில் குறிக்கச் சொல்லுங்கள். அடுத்த நான்கு வாரம் கையை மாற்றிப் பூசுங்கள். ஒரே தெருவில் ஐந்தாறு பேர் சேர்ந்து செய்தால் இன்னும் நல்லது. இடையில் வேறு களிம்பு, வேறு சோப்பு கூடாது.

தைலம் பூசிய கை இரண்டு முறையும் முந்தினால் இலைக்கு வேலை இருக்கிறது எனலாம். இரண்டு கையும் ஒன்றுபோல் ஆறினால் வெறும் எண்ணெயே போதும், காசு மிச்சம்.

எது எப்படியானாலும், காரணத்தை விலக்காமல் கரப்பான் விலகாது. உரம் இடும்போதும் பாத்திரம் துலக்கும்போதும் பருத்தி உறைக்கு மேல் ரப்பர் உறை போடுங்கள். கழுவிய கையை ஒற்றித் துடைத்து எண்ணெய் தடவுங்கள்.

சிலருக்குச் சோதனையே வேண்டாம். சீழ், காய்ச்சல் இருந்தாலும், ஒரே கையில் மட்டும் செதில் உதிர்ந்தாலும், தோல் மரத்துப் போனாலும் உடனே டாக்டரிடம் போங்கள். ஒரு கையில் மட்டும் வருவது படையாக இருக்கலாம்; உணர்ச்சியற்ற தேமல் தொழுநோயாக இருக்கலாம். டாக்டர் தந்த மருந்தைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். லேபிள் இல்லாத 'மூலிகைக் களிம்பு' இரண்டே நாளில் ஆற்றி, விட்டதும் முன்னிலும் மோசமானால், அதில் ஸ்டீராய்டு கலந்திருக்குமோ என்று சந்தேகப்படுங்கள். பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தைலத்தை அங்கேயும் கேட்டுப் பூசலாம்.

விதையைச் சோதிக்காமல் விதைக்காத நாம், மருந்தை மட்டும் சோதிக்காமல் பூசலாமா? யோசித்துப் பாருங்கள்.