அரிசிக்கு இறப்பர் கொடுத்த காலம்

(தோட்டக் கமிட்டித் தலைவர்கள், தலைவிமாருக்கான தொழிலாளர் கல்வி வகுப்பில் ஆற்றிய உரை)



வெளிநாட்டுக் கொள்கை கொழும்பில் கோட் போட்டவர்கள் பேசுகிற விஷயம், நமக்கும் அதற்கும் என்ன என்று பின்வரிசையில் ஒரு தோழர் முணுமுணுத்தது காதில் விழுந்தது. நியாயமான கேள்விதான். பதிலை இறப்பர் மரத்தடியிலிருந்தே தொடங்குவோம்.

1952ஆம் ஆண்டு. கொரியாவில் யுத்தம் நடந்துகொண்டிருந்தது. யுத்தம் தொடங்கியபோது ஏறிய இறப்பர் விலை அந்த வருடம் சரிந்துவிட்டது. அதே நேரம் உலகச் சந்தையில் அரிசிக்குத் தட்டுப்பாடு; விலை நெருப்பு. இறப்பரும் தேயிலையும் விற்றுத்தான் நாடு அரிசி வாங்க வேண்டும். அமெரிக்காவிடம் கேட்டுப் பார்த்தார்கள். கட்டுப்படியான விலைக்கு அரிசியும் கிடைக்கவில்லை, இறப்பருக்கு நல்ல விலையும் கிடைக்கவில்லை.

சீனாவிடம் அரிசி இருந்தது. அதற்கு இறப்பர் வேண்டியிருந்தது. ஆனால் யுத்தத்துக்கு உதவும் பொருட்களைச் சீனாவுக்கு விற்கக் கூடாது என்று ஐ.நா. சபை 1951இல் தடை போட்டிருந்தது. மீறி விற்கும் நாட்டுக்கு உதவி கிடையாது என்று அமெரிக்காவில் சட்டமும் இருந்தது.

அப்போது ஆட்சியில் இருந்தது டட்லி சேனாநாயக்கவின் ஐக்கிய தேசியக் கட்சி. கம்யூனிஸ்ட் என்றாலே ஆகாத கட்சி. திருகோணமலையிலும் கட்டுநாயக்கவிலும் பிரித்தானியப் படைத்தளம் இருந்த காலம் வேறு. அப்படிப்பட்ட அரசாங்கத்தின் வர்த்தக அமைச்சர் ஆர்.ஜி. சேனாநாயக்கதான் பீக்கிங்குக்குப் போனார். டிசம்பரில் ஐந்து வருட ஒப்பந்தம் கையெழுத்தானது: வருடத்துக்கு 50,000 தொன் இறப்பர் இங்கிருந்து, 270,000 தொன் அரிசி அங்கிருந்து. இறப்பருக்குச் சந்தை விலையை விடக் கூடுதல் விலை. இலங்கை ஐ.நா.வில் சேர்ந்தது 1955இல்தான். அதனால் அந்தத் தடை நம்மைக் கட்டவில்லை. அமெரிக்கா உதவியை நிறுத்திக்கொண்டது. 1956 வரை கொடுக்கவில்லை. நாடு மூழ்கிவிடவில்லை, ஒப்பந்தம் பின்னரும் புதுப்பிக்கப்பட்டது.

சின்ன நாடு, அதனால் தப்பித்தது என்று சொல்வார்கள். கனடாவைப் பாருங்கள். அமெரிக்காவின் பக்கத்து வீடு, நேட்டோவில் கூட்டாளி. 1961இல் அந்நாட்டு விவசாயிகளின் கோதுமை விற்க வழியில்லாமல் குவிந்து கிடந்தது. பிரதமர் டீஃபன்பேக்கரின் அரசாங்கம் அதைச் சீனாவுக்குக் கடனுக்கு விற்றது. கப்பலிலிருந்து தானியத்தை உறிஞ்சி இறக்கும் இயந்திரத்தை அமெரிக்கா தர மறுத்துப் பார்த்தது, கடைசியில் விட்டுக்கொடுத்தது. 2003இல் ஈராக் யுத்தத்துக்கு வரமாட்டோம் என்று பிரதமர் கிரெட்டியன் நாடாளுமன்றத்திலேயே அறிவித்தார். அப்போது கனடாவின் ஏற்றுமதியில் ஐந்தில் நாலு பங்குக்கு மேல் அமெரிக்காவுக்குத்தான் போனது. அப்படியும் சொன்னார்கள். கொள்கைப் பிடிப்பு மட்டும்தான் காரணம் என்று நாங்கள் நம்பவில்லை. கோதுமை விஷயத்தில் விவசாயிகளின் வோட்டு பின்னால் நின்றது.

இங்கேதான் நமக்கு வலிக்கிறது. அந்த 50,000 தொன் இறப்பருக்குப் பால் வெட்டியது யார்? களுத்துறையிலும் கேகாலையிலும் இரத்தினபுரியிலும் சிங்களத் தொழிலாளரும் சிறுதோட்டக்காரரும் வெட்டினார்கள். விடியற்காலையில் வாளியோடு போன நம்முடைய தாத்தாமாரும் பாட்டிமாரும் வெட்டினார்கள். 1947இல் ஏழு பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள் நாம். 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது, அடுத்த வருடம் வோட்டும் போனது. 1952 மே மாதத் தேர்தலில் நம் மக்களில் மிகப் பெரும்பாலோருக்கு வோட்டே இல்லை. வல்லரசுக்கு முன்னால் நிமிர்ந்து நின்ற நாடு, நாடற்றவர்கள் வெட்டிய பாலையும் வைத்துத்தான் நின்றது.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. சீனாவுடன் ஒப்பந்தம் கையெழுத்தான அடுத்த வருடமே, கூப்பன் அரிசி கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏற்றப்பட்டது. 1953 ஆகஸ்ட் ஹர்த்தால் அதனால்தான் வெடித்தது. டட்லி பதவி விலகினார்.

1964இல் இரண்டு பிரதமர்கள் உட்கார்ந்து 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சம் 150,000 பேர் பிறகு பார்க்கலாம் என்று விடப்பட்டார்கள். அதுவும் வெளிநாட்டுக் கொள்கைதான், முணுமுணுத்த தோழரே.

இப்போதைய கதைக்கு வருவோம். ஈரானிடம் வாங்கிய எண்ணெய்க்கு 251 மில்லியன் டொலர் கடன் இருந்தது. ஈரான் மீது அமெரிக்கத் தடை. அதனால் கடனைத் தேயிலையாகக் கொடுப்பது என்று 2021 டிசம்பரில் உடன்பாடு செய்தார்கள். மாதம் 5 மில்லியன் டொலர் பெறுமதியான தேயிலை என்று பேச்சு. தேயிலை அனுப்பும் கம்பெனிகளுக்கு இங்கே ரூபாவில் பணம். கொழுந்து எடுத்தவர்களின் பேருக்கு அதில் என்ன வந்தது என்பதை அடுத்த சம்பளப் பேச்சுவார்த்தையில் கேட்கப் போகிறோம். உங்கள் தோட்டத்துத் தேயிலை எந்தச் சந்தைக்குப் போகிறது என்று தொழிற்சாலையில் வேலை செய்பவர்களிடம் விசாரித்து, மாதாந்தக் கமிட்டிக் கூட்டத்துக்கு முன் மாவட்டக் காரியாலயத்துக்கு எழுதி அனுப்புங்கள்.

அந்தச் சீன அரிசியைக் கூப்பனுக்கு வாங்கிச் சமைத்த நினைவுள்ள பெரியவர்கள் லயத்தில் இருந்தால், அவர்கள் சொல்வதையும் எழுதி வாருங்கள்.