கதிர் முத்தும் நேரத்தில் வெள்ளம்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



‘ஆற்றங்கரையில் வேளாண்மை தோன்றியது, அதனால் நாகரிகம் பிறந்தது’ என்று இதே கட்டடத்தில் தேர்வு எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவன் நான். பிறகு பள்ளி ஆசிரியராகி, பிள்ளைகளுக்கும் அதையே சொன்னேன். ஒரு நாள் ஆறாம் வகுப்பில் சுமேரியா பாடம். கடைசி பெஞ்சில் இருந்து ஒரு பையன் எழுந்தான். விவசாயக் குடும்பத்துப் பையன். “சார், கதிர் முத்துற நேரத்துல வெள்ளம் வந்தா என்ன சார் பண்ணுவாங்க?” என்றான். “வெள்ளம் வண்டலைக் கொண்டு வரும், உட்காருடா” என்றேன். எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது.

ஓய்வு பெற்ற பிறகுதான் நிதானமாகப் படித்தேன். பையன் கேட்டது மிகச் சரியான கேள்வி. நைல் நதியில் அந்தக் காலத்தில் வெள்ளம் ஜூலையில் தொடங்கி அக்டோபர் வாக்கில் வடிந்துவிட்டது. பிறகு ஈர மண்ணில் விதைக்க முடிந்தது. யூப்ரடீசும் டைக்ரீசும் அப்படியல்ல. துருக்கி மலைகளில் பனி உருகி, ஏப்ரல், மே மாதங்களில் பெருக்கெடுத்தன. தென் ஈராக்கில் பார்லி அறுவடைக்கு நிற்கும் நேரம் அது! விதைக்க வேண்டிய பருவத்திலோ ஆற்றில் தண்ணீர் குறைவு. மழையை நம்பலாமென்றால் ஆண்டுக்கு 200 மில்லிமீட்டர்கூடத் தேறாது. இப்படிப்பட்ட இடத்திலா மனிதன் முதல் விதையை ஊன்றியிருப்பான்?

அவன் தொடங்கியது மழை பெய்யும் மேட்டு நிலங்களில். சிரியா, தென்கிழக்குத் துருக்கி, ஜாக்ரோஸ் மலையடிவாரம் ஆகிய பக்கங்களில் கோதுமையும் பார்லியும் காட்டுப் புல்லாக முளைத்துக் கிடந்தன. காட்டுக் கோதுமையின் கதிர் பழுத்ததும் உதிர்ந்துவிடும். ஏதோ சில செடிகளில் உதிராது. அறுப்பவர் கைக்கு வருவது உதிராத கதிர்தானே? அதுவே மறுபடி விதையாயிற்று. யாரும் திட்டம் போட்டுச் செய்த காரியமல்ல. பல தலைமுறைகளில் பயிரே மாறிப்போயிற்று. ஒற்றைமணிக் கோதுமையின் மரபணுவை ஆராய்ந்த அறிஞர்கள், 1997இல், துருக்கியின் காரஜாதா மலையைக் கை காட்டினார்கள். இது நடந்து ஏறக்குறைய 10,500 ஆண்டுகள் ஆகின்றன. உருக் பெருநகரமானதோ அதற்கு ஐயாயிரம் ஆண்டு கழித்து. என் தேர்வுத்தாளில் அந்த ஐயாயிரம் ஆண்டும் ஓர் அரைப்புள்ளிக்குள் போய்விட்டது!

அந்த இடைக்காலத்து மனிதர்கள் என்ன பாடு பட்டார்கள் என்பதற்கு ஓர் ஊரைச் சொல்கிறேன். வட சிரியாவில் அபு ஹுரைரா. யூப்ரடீஸ் ஓரம்தான், ஆனால் சுமேரியா போலக் கால்வாய்ப் பாசனம் கண்ட ஊரல்ல. தப்கா அணை நீரில் மூழ்கப்போகிறது என்று தெரிந்து, 1972, 1973ஆம் ஆண்டுகளில் ஆண்ட்ரூ மூர் குழுவினர் அவசரமாகத் தோண்டினார்கள். கிடைத்த எலும்புகளை ஆராய்ந்தவர் தேயா மோலசன். பெண்களின் கால் பெருவிரல் மூட்டு தேய்ந்திருந்தது; முழங்காலிலும் முதுகெலும்பிலும் சிதைவு. காரணம், நம்ம அம்மி மாதிரி ஒரு கல். மண்டியிட்டு, கால் விரல்களை மடக்கி ஊன்றி, நாள்தோறும் மணிக்கணக்கில் தானியம் அரைத்திருக்கிறார்கள். மாவில் கலந்த கல்பொடியால் பற்களும் தேய்ந்திருந்தன. ‘வேளாண்மையால் மனிதனுக்கு ஓய்வு கிடைத்தது’ என்றும் நான் பாடம் நடத்தியிருக்கிறேன். இதைப் படித்த பிறகு அந்த வாக்கியம் என் வாயில் வரவில்லை.

இனி, உருக். கால்வாய்தான் அரசையே உண்டாக்கிற்று என்று அடித்துச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சின்னக் கால்வாயை ஊராரே பார்த்துக்கொள்ள முடியும். ஆனால் கரை போடவும் தூர் எடுக்கவும் ஆள் கூட வேண்டும், கூடியவர்க்குத் தானியம் அளக்க வேண்டும். கி.மு. 3300 வாக்கிலிருந்து அங்கே கிடைக்கும் களிமண் ஏடுகளில் பெரும்பாலானவை கதையோ பாட்டோ அல்ல, கணக்கு! உணவுப் பங்கீட்டுக்கு என்ன குறி தெரியுமா? ஒரு மனிதத் தலை, வாயருகே ஒரு கிண்ணம். அச்சில் அழுத்திச் செய்த முரட்டுக் கிண்ணங்கள் மண்ணுக்குள் குவியல் குவியலாகக் கிடைத்தன. தானியம் அளந்தவை என்பது பலர் கருத்து. ரொட்டி சுட்ட அச்சு என்பாரும் உண்டு.

அந்தப் பையன் இப்போது ஐம்பதைத் தொட்டிருப்பார். “கரை போட்டாங்கப்பா, உடைஞ்சா மறுபடி போட்டாங்க, அந்த ஆள் கணக்கையும் தானியக் கணக்கையும் எழுதி வச்சாங்க” என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாம். உட்காரச் சொல்லிவிட்டேன்.