இரவு இரண்டு மணி



தன்னம்பிக்கை பற்றிப் பேசுங்கள், கனவுக்கு நேரம் ஒதுக்குவது பற்றிப் பேசுங்கள், பிள்ளைகளுக்குப் பயன்படும் என்று அரங்கின் தோழர்கள் கேட்டார்கள். சரி என்று சொல்லிவிட்டுப் பேருந்து நிலையக் கடையில் அந்த வகைப் புத்தகங்கள் இரண்டை வாங்கிப் படித்தேன். இரண்டிலும் ஒரே அறிவுரை: அதிகாலை நாலு மணிக்கு எழுந்திரு, உலகம் உன் வசமாகும். எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் அம்மா எழுபது வயது வரை நாலு மணிக்குத்தான் எழுந்தார். நடவு நாளில் மூன்று மணிக்கே எழுந்தார். எங்கள் தெருப் பெண்கள் எல்லாருமே அப்படித்தான். உலகம் ஒருத்தர் வசமும் ஆகவில்லை. அவர்கள் எழுந்த நேரமெல்லாம் ஆண்டையின் வயலுக்குப் போனது.

அதனால் வேறு ஒரு கேள்வியை உங்கள்முன் வைக்கிறேன். நம்மவர் ஒருவர் உட்கார்ந்து படிக்கிறார், எழுதுகிறார் என்றால் அந்த நேரம் யாரிடமிருந்து வந்தது?

பம்பாயின் பரேல் பகுதியில் ஆலைத் தொழிலாளர்கள் வாழ்ந்த ஒரு குடியிருப்பு. ஒரே ஒரு அறை. சமையல், சாமான், படுக்கை எல்லாம் அதற்குள்ளேதான். பள்ளி மாணவனான பீமராவ் அங்கே எப்படிப் படித்தார் தெரியுமா? முன்னிரவில் மகன் தூங்குவார். தகப்பனார் ராம்ஜி விழித்திருப்பார். இரவு இரண்டு மணிக்கு மகனை எழுப்பி மண்ணெண்ணெய் விளக்கின் முன்னால் உட்கார வைத்துவிட்டு, மகன் படுத்திருந்த இடத்தில் அவர் படுத்துக்கொள்வார். 1907இல் எல்பின்ஸ்டன் பள்ளியிலிருந்து அந்தப் பிள்ளை மெட்ரிக் தேறினார். அம்பேத்கரின் உழைப்பைப் பற்றி நாம் மேடைதோறும் பேசுகிறோம். எனக்கு அந்த அறையில் இரண்டு மணி வரை சும்மா உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற சுபேதாரின் முகம்தான் அடிக்கடி நினைவுக்கு வருகிறது. அவர் தம் தூக்கத்தை எடுத்து மகனுக்குக் கொடுத்தார்.

இன்னொன்றும் உண்டு. புத்தகம் வாங்கப் பணமில்லாதபோது ராம்ஜி பம்பாயிலேயே வாழ்க்கைப்பட்டிருந்த தம் மகள்களிடம் போவார். அவர்களிடமும் பணம் இருக்காது. நகையைக் கழற்றிக் கொடுப்பார்கள். அடகு வைத்துப் புத்தகம் வாங்கிவிட்டு, பென்ஷன் வந்ததும் மீட்டுத் திருப்பிக் கொடுப்பார். அண்ணலே பிற்காலத்தில் இதை எழுதியிருக்கிறார். அக்காமார்களின் நகை அது. அவர்கள் என்ன படிக்க ஆசைப்பட்டார்கள் என்பதற்கு நம்மிடம் ஒரு வரிகூட இல்லை.

இந்தச் சொற்பொழிவு யாருடைய நினைவாக நடக்கிறதோ, அவரை எங்கள் தெருவில் மாமா என்றுதான் அழைப்போம். ஜோலார்பேட்டைப் பக்கம் ரயில்வேயில் கேங்மேன். பகல் முழுக்கத் தண்டவாளத்தில் ஜல்லி தள்ளிவிட்டு வந்து, மாலையில் தன் வீட்டுத் திண்ணையில் விளக்கை ஏற்றி வைப்பார். பாடம் சொல்லித் தருமளவு அவர் படித்ததில்லை. அவர் செய்தது வேறு. ஒன்பது மணி வரைக்கும் இந்தப் பிள்ளைகளை மாடு கட்டு, கடைக்குப் போ என்று யாரும் கூப்பிடக் கூடாது என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். கூப்பிட்டால் சண்டைக்கே போவார். என் அப்பாவிடமே போயிருக்கிறார். ஒரு நாளில் இரண்டரை மணி நேரம் எங்களுக்கென்று இருந்தது. நான் வாத்தியாரானது அந்த இரண்டரை மணியில்தான்.

தன்னம்பிக்கை பற்றி எனக்கு அனுபவத்தில் தெரிந்தது கொஞ்சம்தான். அது முதலில் வரும், அப்புறம் எழுதலாம் என்று பல ஆண்டுகள் காத்திருந்தேன். வரவில்லை. பள்ளியில் ஆசிரியர் அறையில் ஒருவர், "உங்களுக்கெல்லாம் கதை எழுத வருமா சார்?" என்று டீயை உறிஞ்சிக்கொண்டே கேட்டார். பகைமையோடு கேட்கவில்லை, ஆர்வமாகத்தான் கேட்டார். அந்த "உங்களுக்கெல்லாம்" பத்து வருடம் என் பேனாவைப் பிடித்துக்கொண்டது. 1992இல் பாமாவின் கருக்கு வந்தது. நண்பர் ஒருவர் கொடுத்து ஒரே இரவில் படித்தேன். நம் வீட்டில் பேசுகிற பேச்சு அச்சில் அப்படியே நின்றது. மறுநாள் எழுத உட்கார்ந்தேன். அப்போதும் நம்பிக்கை இல்லை, ஒரு பக்கம் எழுதினேன், அவ்வளவுதான். ஏழாவது, எட்டாவது கதைக்குப் பிறகுதான் நம்மால் முடியும் என்று தோன்றியது. ஆக, நம்பிக்கை வந்தபின் தொடங்கலாம் என்று விடுதி அறையில் காத்திருக்கும் பிள்ளைகள், தயவுசெய்து காத்திருக்காதீர்கள்.

இயக்கத் தோழர்களோடு ஒரு சிறு சண்டை இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். நன்றாகப் படிக்கிற பிள்ளையைச் சுவரொட்டி ஒட்டவும் வண்டி ஏற்பாடு செய்யவும் அனுப்புகிறோம். தேர்வுக்குப் படிக்க வேண்டும் என்று சொன்னால் முகம் சுளிக்கிறோம். 1917இல் உதவித்தொகைக் காலம் முடிந்ததால் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பினார் அம்பேத்கர். சிடனம் கல்லூரியில் வேலை பார்த்துக் காசு சேர்த்தார். 1920 ஜனவரியில் மூக்நாயக் இதழைத் தொடங்கினார். அதே ஆண்டு ஜூலையில், சேமிப்பும் சாகு மகாராஜரின் உதவியும் நண்பரிடம் வாங்கிய கடனுமாக மீண்டும் கப்பலேறினார். பத்திரிகை தொடங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை. இன்று நம் கிளை ஒன்றில் ஒருவர் அப்படிக் கிளம்பினால் என்ன பேசுவோம் என்று யோசித்துப் பாருங்கள். அப்படிப் போய் 1923இல் அவர் டி.எஸ்சி. பட்டம் பெற்றதால் இயக்கத்துக்கு நட்டமா?

நேரம் என்பது அரசியல் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. காங்கிரசும் காந்தியும் தீண்டத்தகாதவர்களுக்குச் செய்தது என்ன என்று கேட்ட 1945ஆம் ஆண்டு நூலில், ஓய்வு இல்லாமல் பண்பட்ட வாழ்க்கை இல்லை, அந்த ஓய்வு எல்லாருக்கும் கிடைக்க இயந்திரம் வேண்டும் என்று வாதாடுகிறார். வைசிராய் அவையில் தொழிலாளர் துறைப் பொறுப்பில் இருந்தபோது, ஆலைகளில் வாரத்துக்கு 54 மணியாக இருந்த வேலை நேரத்தை 48 ஆகக் குறைக்கும் திருத்தத்தை 1946இல் கொண்டுவந்தார். ஆனால் தோழர்களே, அது தொழிற்சாலைச் சட்டம். வயலுக்கு அதில் மணிக்கணக்கு கிடையாது. அடுப்படிக்கும் கிடையாது.

அடுப்படிக்கு வருகிறேன். மகாராஷ்டிரத்தில் சாதாரா மாவட்டம் பல்டண் ஊரில் ஒரு சிறு கடை வைத்திருந்தவர் பேபிதாய் காம்ப்ளே. பொட்டலம் கட்ட வாங்கிய பழைய பத்திரிகைத் தாள்களைப் பிரித்துப் படித்துப் படித்து வாசிப்பைப் பிடித்துக்கொண்டார். கணவர் சரக்கு எடுக்கப் போன நேரத்தில் எழுதுவார். எழுதிய நோட்டைப் பழைய தாள் கட்டுகளின் அடியில் ஒளித்து வைப்பார். இப்படி ஏறத்தாழ இருபது ஆண்டுகள். மராத்தியில் தலித் பெண் எழுதிய முதல் தன்வரலாறுகளில் ஒன்றான ஜிண அமுச்ச அப்படித்தான் பிறந்து 1986இல் நூலாக வந்தது. மனுவின் ஆட்களிடமிருந்து அவர் அந்த நோட்டை ஒளிக்கவில்லை. சொந்த வீட்டிலிருந்து ஒளித்தார். அம்பேத்கர் படத்தை மாட்டியிருக்கும் நம் வீடுகளில் இன்று எத்தனை நோட்டுகள் எங்கே ஒளிந்திருக்கின்றன என்பது எனக்குத் தெரியாது.

என் வீட்டுக் கதையைச் சொல்லாமல் இதைச் சொல்ல எனக்கு உரிமையில்லை. மாமாவின் திண்ணையில் பதினோரு பேர் படித்தோம். பதினோரு பேரும் பையன்கள். அத்தனை பெரிய மனிதருக்கும் அது தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. ஒன்பது மணிக்கு என்னைச் சாப்பிடக் கூப்பிட என் தங்கை வருவாள். சீக்கிரமே வந்துவிடுவாள், திண்ணைத் தூண் பக்கமாக நிற்பாள். எதற்கு இவ்வளவு சீக்கிரம் வருகிறாய் என்று அதட்டியிருக்கிறேன். என் ஆறாம் வகுப்புச் செய்யுள் முழுவதும் அவளுக்கு மனப்பாடம் என்பது எனக்கு ஐம்பது வயதில்தான் தெரிந்தது. அவள் ஐந்தாம் வகுப்போடு நின்றாள். நான் படித்த அந்த இரண்டரை மணியில் அவள் தண்ணீர் சுமந்தாள், வேர்க்கடலை உரித்தாள், அம்மாவோடு கஞ்சி வைத்தாள். என் நான்கு புத்தகங்களின் பின்னட்டையிலும் என் படம் மட்டும்தான் இருக்கிறது.

போன வருடம் ஓய்வுபெற்று ஊருக்கே வந்துவிட்டேன். ஒரு நாள் தங்கை வந்து, "ண்ணா, எனக்கு ஒரு நோட்டு வாங்கியாந்து குடு, அம்மா பாடின ஒப்பாரியெல்லாம் எனக்குத் தெரியும், மறந்துபூடும்" என்றாள். வாங்கிக் கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் நாலு பக்கம்கூட ஆகவில்லை. ஏன் என்று கேட்டேன். "எங்க உக்கார்றது? சாயந்தரம் தண்ணி வுடுற நேரம்தான் வூட்ல யாரும் இருக்கமாட்டாங்க. அப்ப நான் குழாயாண்ட இருக்கணும்" என்றாள்.

இப்போது மாலை நாலரை மணிக்கு அவள் வீட்டுக் குடங்களை எடுத்துக்கொண்டு குழாயடியில் நிற்பவன் நான்தான். வரிசையில் நிற்கும் பெண்கள் முதல் வாரம் சிரித்தார்கள். இரண்டாவது வாரம், வாத்தியாருக்கு இடம் விடக் கூடாது, முறைப்படிதான் பிடிக்க வேண்டும் என்று தீர்மானமாகிவிட்டது. ஆறு குடம் பிடிக்க ஒரு மணி நேரம் ஆகிறது. நேற்று வரை அறுபத்திரண்டு பக்கம் எழுதியிருக்கிறாள். இன்று நான் இங்கே வந்துவிட்டதால் குடத்துக்கு என் பேரனை அனுப்பிவிட்டு வந்தேன்.