தம்பி எப்போது வருவான்?

(ஆதரவாளர்களின் ஸ்தோத்திரக் கூடுகையில் மருத்துவமனைப் போதகர் அளித்த செய்தி)



வழக்கமாக இந்தக் கூடுகையில் நோயாளிகளின் எண்ணிக்கையையும் புதிய கருவிகளின் விவரத்தையும் சொல்லுவோம். இம்முறை அவற்றைப் பொருளாளர் சொல்லுவார். காத்திருக்கும் ஒரு குடும்பத்தைக் குறித்து நாங்கள் சொல்ல விரும்புகிறோம்.

பொள்ளாச்சியில் நம் வீட்டு ஜெபக்கூட்டத்துக்குத் தவறாமல் வரும் ஒரு தாயார் இருக்கிறார். அவருடைய மகனும் மருமகளும் வெளிநாட்டில் வேலை செய்கிறார்கள். பன்னிரண்டு ஆண்டுகளாகக் குழந்தைப் பாக்கியம் இல்லை. வேறொரு மாநிலத்தில் ஓர் இல்லத்தில் வளரும் ஓர் அண்ணனையும் தங்கையையும் சேர்த்தே தத்தெடுக்க அவர்கள் காத்திருக்கிறார்கள். மனுப்போட்டு மூன்றாவது ஆண்டு நடக்கிறது. பாட்டியம்மா இரண்டு எவர்சில்வர் தட்டு வாங்கி வைத்திருக்கிறார். "பேரு வெட்டலீங்களா அம்மா?" என்று கேட்டோம். "உத்தரவு வரட்டுங்க, அப்புறம் வெட்டிக்கலாம்" என்றார். சில வாரங்களுக்கு முன் அவர் மனம் பொறுக்காமல், "தாய் தகப்பன் இல்லாத புள்ளைங்களுக்குச் சோறு போடறதுக்கு இத்தனை காயிதமா, அய்யா? நீங்க யாருகிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லக்கூடாதுங்களா?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. ஆனாலும் ஒரு வார்த்தை சொல்ல எங்களுக்கு மனம் துணியவில்லை. அதன் காரணத்தை நாங்கள் அறிக்கையிட வேண்டும்.

1980களின் கடைசியில், இறையியல் கல்லூரி முடித்து ஊழியத்துக்கு வந்த புதிதில், வேறோர் ஊரிலிருந்த ஒரு பிள்ளைகள் இல்லத்துக்கு ஞாயிறு மாலைதோறும் போய்வருவோம். அங்கே ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியும் இரண்டு வயதான அவள் தம்பியும் இருந்தார்கள். அவனுக்குச் சோறு ஊட்டுவதும் குளிப்பாட்டுவதும் அவள்தான். கடல் கடந்து ஒரு தம்பதியர் வந்தார்கள். நல்லவர்கள், தேவபயமுள்ளவர்கள். அவர்களுக்குச் சிறு குழந்தை மட்டும் போதுமென்றிருந்தது. எங்களிடம் ஆலோசனை கேட்டபோது, ஒரு பிள்ளையாவது நன்றாயிருக்கட்டும் என்று சொன்னோம். காகிதங்கள் யாவும் ஒழுங்காகவே இருந்தன. தலையில் கைவைத்து ஜெபித்து அனுப்பியும் வைத்தோம்.

அடுத்த ஞாயிறு அவள் வாசலில் நின்றாள். "தம்பி எப்பங்க வருவான்?" என்றாள். அதற்கடுத்த ஞாயிறும் கேட்டாள். பின்பு கேட்பதை விட்டுவிட்டாள். நாங்கள் அதை ஆறுதல் என்று எண்ணிக்கொண்டோம்.

ஆண்டுகள் பல கழித்து அவளே பிரசவத்துக்காக இந்த மருத்துவமனைக்கு வந்தாள். சொந்தக்காரர் விவரம் எழுதிய செவிலியர், கூடப் பிறந்தவர்கள் உண்டா என்று கேட்டாராம். "ஒரு தம்பி இருக்கானுங்க. எந்த ஊருன்னு மட்டும் தெரியாதுங்க" என்று சொன்னாள். அன்றிரவு நாங்கள் சிற்றாலயத்தில் வெகுநேரம் முழங்காலில் இருந்தோம்.

பிரியமானவர்களே, மோசேயின் சரித்திரம் நமக்குத் தெரியும். வேற்று ஜாதியாளான பார்வோனின் குமாரத்தி எடுத்து வளர்த்த பிள்ளை அவன். நாணற்பெட்டியைக் குறித்து எத்தனையோ பிரசங்கம் செய்திருக்கிறோம். தூரத்திலே நின்று பார்த்துக்கொண்டிருந்த தமக்கையைக் குறித்து எத்தனை பிரசங்கம் கேட்டிருக்கிறீர்கள்? அவள் அங்கே நின்றபடியால் அல்லவா பெற்ற தாயே பிள்ளைக்குப் பால்கொடுக்கும்படி அழைக்கப்பட்டாள்? எங்கள் கதையில் அந்தத் தமக்கையைக் கரையிலேயே விட்டுவிட்டு வந்தவர்கள் நாங்கள்.

உடன்பிறந்தவர்களைச் சேர்த்து எடுப்பது முன்பு சட்டத்திலும் எளிதாயில்லை. 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்புச் சட்டப்படி, மகன் உள்ளவர் இன்னொரு மகனைத் தத்தெடுக்க முடியாது. மகள் உள்ளவர் இன்னொரு மகளைத் தத்தெடுக்க முடியாது. ஆகவே இரு சகோதரர்கள் அந்தச் சட்டத்தின் வழியே ஒரே வீட்டுக்குப் போக வழியில்லை. கிறிஸ்தவர்களாகிய நமக்கோ தத்தெடுப்புச் சட்டமே இல்லை. 1890ஆம் ஆண்டின் சட்டப்படி பாதுகாவலராக மட்டுமே இருக்கலாம்; தாய் தகப்பன் என்ற உரிமை கிடையாது. 2000ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமும் 2006இல் அதற்கு வந்த திருத்தமும் இந்தத் தடைகளை நீக்கின. எந்த மதத்தாரும் அதன்படி தத்தெடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் உறுதிசெய்தது. இன்று நடைமுறையிலுள்ளது 2015ஆம் ஆண்டின் சட்டம். மனுப்போடும்போதே ஒரு பிள்ளையா, உடன்பிறந்த இருவரா என்று கேட்கிறார்கள். தகுந்த காரணமின்றி உடன்பிறந்தவர்களைப் பிரிக்கலாகாது என்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபையும் 2009இல் ஏற்ற வழிகாட்டு நெறிகளில் சொல்லியிருக்கிறது.

அப்படியானால் தாமதம் ஏன்? முதலாவது, பிள்ளைக்கு உண்மையிலேயே ஒருவரும் இல்லையா என்று பார்க்க வேண்டும். குழந்தைகள் நலக் குழு பெற்றோரையும் உறவினரையும் தேடச் செய்கிறது. கைவிடப்பட்ட பிள்ளை இரண்டு வயதுக்கு உட்பட்டதானால் 2 மாதத்துக்குள்ளும், அதற்கு மேற்பட்டதானால் 4 மாதத்துக்குள்ளும் தத்துக்குரிய பிள்ளை என்று அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். பெற்றவளே ஒப்படைத்தாலும் அவள் மனம் மாறுவதற்கு 60 நாள் உண்டு. பிரசவ வார்டில் அழுதுகொண்டே கையெழுத்திட்ட தாய்மாரை அறிந்த எங்களுக்கு, அந்த 60 நாள் எத்தனை பெரிய கிருபை என்று தெரியும்.

பின்பு எடுக்கப்போகிறவர்களின் வீட்டை ஒரு சமூகப் பணியாளர் போய்ப் பார்த்து அறிக்கை எழுத வேண்டும். பிள்ளையின் வரலாறும் மருத்துவ அறிக்கையும் அவர்களுக்கு வரும். விவரம் தெரிந்த பிள்ளையாயிருந்தால் அதன் மனதையும் கேட்க வேண்டும். வெளிநாட்டில் வாழ்பவரானால் 'காரா' எனப்படும் மத்திய தத்தெடுப்பு ஆணையம் தடையில்லாச் சான்று தரவேண்டும். முன்பு நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவை 2022 செப்டம்பர் முதல் மாவட்ட ஆட்சியர் பிறப்பிக்கிறார். அதன்பின் பாஸ்போர்ட். அதன்பின்னும் பிள்ளை எப்படியிருக்கிறது என்று இரண்டு ஆண்டுகள் அறிக்கை வந்துகொண்டிருக்க வேண்டும்.

இந்தக் காகிதங்களுக்குப் பின்னால் கண்ணீர் இருக்கிறது. அயல்நாட்டாருக்குப் பிள்ளைகள் கொடுக்கப்படுவதில் நடந்த முறைகேடுகளைக் குறித்து லட்சுமிகாந்த் பாண்டே என்னும் வழக்கறிஞர் 1982இல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அக்கடிதமே வழக்காயிற்று. 1984இல் நீதிபதி பகவதி அளித்த தீர்ப்பே இன்றைய விதிகளுக்கு அஸ்திபாரம். 1993இல் ஹேக் நகரில் உருவான உடன்படிக்கையை இந்தியா 2003இல் ஏற்றது. அப்படியும் பாவம் ஒழிந்துவிடவில்லை. ஏழைகளிடமிருந்து திருடப்பட்ட பிள்ளைகள் தத்து என்ற பெயரில் வெளிநாடு போன செய்தி 2005இல் சென்னையிலிருந்தே வந்தது. இலங்கையிலிருந்தும் பிற தேசங்களிலிருந்தும் முற்காலத்தில் பிள்ளைகள் எடுக்கப்பட்ட விதத்தை விசாரித்த நெதர்லாந்து அரசு, 2021இல் அயல்நாட்டுத் தத்தெடுப்பை நிறுத்திவைத்தது. நல்ல மனதோடு வளர்த்த பெற்றோரும் அதில் இருந்தார்கள். நல்ல மனது மட்டும் போதாது என்பதை நாங்கள் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியிடம் கற்றோம்.

பாட்டியம்மாவிடம் இதையெல்லாம் சொன்னோம். அந்தச் சிறுமியைக் குறித்தும் மறைக்காமல் சொன்னோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அந்தப் பையன் தங்கச்சிய உட்டுப்போட்டு வரமாட்டேன்னு சொன்னானாமுங்க. அதுக்காகவே காத்திருக்கலாமுங்க" என்றார்.

அன்பான ஆதரவாளர்களே, உங்களிடம் சில காரியங்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

பேருந்து நிலையத்திலோ சந்தையிலோ தோப்பிலோ கைவிடப்பட்ட பிள்ளையைக் கண்டால் வீட்டுக்கு எடுத்துப்போகாதீர்கள். எங்கள் வாசலில் வைத்துவிட்டும் போகாதீர்கள். 1098 என்ற எண்ணுக்குத் தொலைபேசி செய்யுங்கள். தெரிந்தவர் மூலமாக ஒரு குழந்தை வாங்கித்தாருங்கள் என்று எங்களிடமோ செவிலியரிடமோ கேட்காதீர்கள். சட்டத்துக்குப் புறம்பாகப் பிள்ளையைக் கொடுப்பதற்கும் வாங்குவதற்கும் 3 ஆண்டு வரை சிறை உண்டு. அதைவிட, எங்கோ ஒரு தமக்கை வாசலில் நிற்பாள் என்பதை நினையுங்கள்.

இல்லங்களிலுள்ள பிள்ளைகள் எல்லாரும் அனாதைகள் அல்லர். தாயோ தகப்பனோ உயிரோடிருந்தும் வறுமையினால் அங்கே விடப்பட்டவர்கள் உண்டு. வால்பாறை எஸ்டேட்டிலிருந்தும் கயிறு ஆலைகளிலிருந்தும் இங்கே வரும் ஒரு தாய் பிழைத்து எழுந்து வீட்டுக்குப் போனால், அவள் பிள்ளைகள் பிரியாமல் ஒரே கூரையின் கீழ் இருப்பார்கள். உங்கள் காணிக்கை அதற்குத்தான் உதவுகிறது.

தத்தெடுக்க வாஞ்சையுள்ள தம்பதியர் நம் சபைகளில் இருந்தால், கைக்குழந்தை மட்டும்தான் வேண்டும் என்று முடிவுசெய்யுமுன், வயதில் பெரிய பிள்ளைகளையும் கூடப்பிறந்தவர்களையும் குறித்து ஜெபித்து யோசியுங்கள்.

இந்த இதழில் வழக்கம்போல் படங்கள் உண்டு. அந்த அண்ணன் தங்கையின் படம் மட்டும் இல்லை. அவர்கள் பெயரையும் முகத்தையும் வெளியிடச் சட்டம் அனுமதிப்பதில்லை. நாங்களும் அவர்களைப் பார்த்ததில்லை. பெயர் தெரியாமலே அவர்களுக்காக ஜெபியுங்கள். தம்பியைத் தேடும் அந்தச் சகோதரிக்காகவும் ஜெபியுங்கள். முறைப்படி விசாரிக்க அவளுக்கு உதவிவருகிறோம். இதுவரை பதில் இல்லை.

அநாதைகளின் தகப்பனாகிய தேவன் நம் யாவரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.