பாபி ஹர்லி: நான்கு வருஷத்தில் முடிந்த ஒரு முழு வாழ்க்கை

இன்னைக்கு நாம பேசப்போறது ஒரு பாயிண்ட் கார்டைப் பற்றி. பேரு பாபி ஹர்லி. அமெரிக்கக் கல்லூரி கூடைப்பந்தில், டியூக் பல்கலைக்கழகத்துக்காக 1989-லிருந்து 1993 வரைக்கும் ஆடினவர்.

முதல்ல ஒரு விஷயத்தை ஒத்துக்கிறேன். இவரை எனக்கு ரொம்ப நாளா தப்பாத்தான் தெரியும். ‘பெரிய எதிர்பார்ப்போட என்பிஏ வந்து சோபிக்காமல் போனவர்கள்’ மாதிரி பட்டியல்கள் வரும் இல்லையா, அதுலதான் அவர் பேரை முதல்ல பார்த்தேன். ஆட்டத்துக்குச் சராசரி 3.8 புள்ளி, மொத்தம் 269 ஆட்டம், அஞ்சு சீசன். அவ்வளவுதான்னு கடந்து போயிட்டேன். அப்புறம் ஒருநாள் 1991-ம் வருஷத்து ஆட்டம் ஒன்றை முழுசா உட்கார்ந்து பார்த்தேன். அந்தப் பட்டியல் மேலயே எனக்குக் கோபம் வந்துடுச்சு.

ஆரம்பத்திலிருந்து வருவோம். ஊர், நியூ ஜெர்சி மாநிலத்து ஜெர்சி சிட்டி. அப்பா பாப் ஹர்லி, செயின்ட் ஆன்டனி என்கிற சின்ன கத்தோலிக்கப் பள்ளியின் கோச்சாக இருந்தவர். அமெரிக்கப் பள்ளிக் கூடைப்பந்தில் அவர் ஒரு ஜாம்பவான். 2010-ல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டவர். அந்த அப்பாவிடமே பையன் ஆடினான். 1988-89 சீசனில் அந்தப் பள்ளி ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை.

அங்கிருந்து டியூக். ஆறடி உயரம், ஒல்லியான உடம்பு, பார்க்க ஸ்கூல் பையன் மாதிரி இருப்பார். கோச் மைக் ஷெஷெவ்ஸ்கி முதல் வருஷமே பந்தை அவர் கையில் கொடுத்துட்டார். அந்த வருஷமே அணி இறுதி ஆட்டத்துக்கும் போயிடுச்சு. எதிரே லாஸ் வேகஸின் யுஎன்எல்வி. அன்னைக்கு ஹர்லிக்கு வயிறு சரியில்லை. அவர் போட்டது ரெண்டே புள்ளி. டியூக் தோற்றது 103-73. முப்பது புள்ளி! இறுதி ஆட்டங்களிலேயே அதுதான் மிகப்பெரிய வித்தியாசம்.

இங்கே கோச் செய்ததைக் கவனிங்க. ஹர்லிக்கு ஒரு பழக்கம் இருந்தது. தப்பு நடந்தா முகம் சுருங்கிடும், நடுவரைப் பார்த்துப் புலம்புவார். கோச் அந்த முகபாவங்களை மட்டும் வெட்டி ஒட்டி ஒரு வீடியோ தயாரித்து, அவருக்கே போட்டுக் காட்டினார். பாயிண்ட் கார்டு முகத்தைத்தான் மத்த நாலு பேரும் பார்ப்பாங்க. அது தொங்கிப் போச்சுன்னா டீமே தொங்கிப் போகும். இதைத் திட்டிப் புரியவைக்க முடியாது, பார்த்தால்தான் உறைக்கும்.

அடுத்த வருஷம், 1991, அரையிறுதி. எதிரே அதே யுஎன்எல்வி. தொடர்ந்து 45 ஆட்டம் ஜெயிச்சு வந்திருக்காங்க. கடைசி கட்டத்துல 76-71ன்னு அவங்க முன்னிலை. இருப்பது சுமார் ரெண்டே கால் நிமிஷம். ஹர்லி பந்தை ஓட்டிக்கொண்டு வருகிறார். பாஸ் கொடுப்பார்னுதான் நான் நினைச்சேன். கொடுக்கலை. மூணு புள்ளிக் கோட்டுக்கு வெளியே நின்னு அவரே எறிஞ்சார். உள்ளே போச்சு, 76-74. அடுத்து யுஎன்எல்வி நேரத்துக்குள்ள ஷாட்கூட எடுக்க முடியாமல் பந்தை இழந்தது. முடிவில் டியூக் 79-77. ரெண்டு நாள் கழிச்சு கான்சாஸையும் ஜெயிச்சு, அந்தப் பல்கலைக்கழகத்தின் முதல் சாம்பியன் பட்டம்.

எனக்குப் பிடிச்சது அந்த எறி மட்டும் இல்லை. போன வருஷம் முப்பது புள்ளியில் நொறுங்கின அதே ஆள், அதே அணிக்கு எதிரா, பின்னடைவில் இருக்கும்போது முகம் மாறாமல் பந்தைக் கொண்டுவந்தார், பாருங்க. அந்த வீடியோ பாடம் அங்கேதான் தெரியுது.

1992-ல் மறுபடியும் பட்டம். இந்தியானாவோட நடந்த அரையிறுதியில் 26 புள்ளி போட்டார். ஃபைனல் ஃபோரின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்கே. அந்தக் கோடையில் ஒலிம்பிக்குக்குத் தயாரான ட்ரீம் டீமோட பயிற்சி ஆட்டம் ஆடக் கல்லூரிப் பசங்களைக் கூப்பிட்டாங்க. மேஜிக் ஜான்சன், ஜோர்டன் எல்லாம் இருந்த அணியை முதல் மோதலில் அந்தப் பசங்க தோற்கடிச்சாங்க, ஹர்லியும் அதில் ஒருத்தர்.

கல்லூரியை விட்டு வரும்போது அவர் கணக்கில் 1,076 அசிஸ்ட். முப்பது வருஷத்துக்கும் மேலே யாரும் தொடாமல் இருந்த சாதனை. அசிஸ்ட்னா என்ன? நீங்க கொடுத்த பாஸை வாங்கினவர் கூடையில் போட்டால்தான் அது கணக்கு. அவர் தவறவிட்டா, எவ்வளவு அழகான பாஸுக்கும் பூஜ்யம்தான். அப்படின்னா 1,076 தடவை அடுத்தவர் எங்கே வந்து நிற்பார்னு சரியாகக் கணிச்சிருக்கார்.

1993-ல் சாக்ரமென்டோ கிங்ஸ் ஏழாவதாகத் தேர்ந்தெடுத்தது. ஆடினது 19 ஆட்டம். டிசம்பர் 12 ராத்திரி, ஆட்டம் முடிஞ்சு காரில் வீட்டுக்குக் கிளம்பினார். முகப்பு விளக்கு எரியாமல் வந்த ஒரு வண்டி மோதியது. ஹர்லி சீட் பெல்ட் போடவில்லை. வெளியே தூக்கி எறியப்பட்டு, ஓரத்து வாய்க்காலில் விழுந்தார். மூச்சுக்குழாய் இடது நுரையீரலிலிருந்து பிய்ந்திருந்தது, விலா எலும்புகள் முறிந்திருந்தன. பிழைச்சதே பெரிசு. ஆனா அடுத்த சீசனே திரும்பி வந்து ஆடினார். பழைய வேகம் வரவில்லை. 1998-ல் முடிஞ்சது.

நாம பாதியில் நின்னு போன ஆட்டக்காரர்னு சொல்லிடுறோம். நான் அப்படி நினைக்கலை. கல்லூரி ஆட்டத்தை என்பிஏவுக்கு ஏறும் படிக்கட்டா மட்டும் பார்த்தால்தான் அது பாதி. மூணு ஃபைனல் ஃபோர், ரெண்டு பட்டம், ஒரு பெரிய சாதனை. 22 வயசுக்குள்ளே ஒரு முழு வாழ்க்கையை ஆடி முடிச்சிருக்கார். அந்த விபத்து அதை அழிக்க முடியாது.

பிறகு அப்பா வழியிலேயே கோச் ஆனார். 2015-ல் பஃபலோ பல்கலைக்கழகத்தை முதல்முறையா என்சிஏஏ போட்டிக்குக் கொண்டுபோனார்; அதே வருஷம் அரிசோனா ஸ்டேட்டுக்குப் போனார். தம்பி டான் ஹர்லி, 2023, 2024-ல் கனெக்டிகட் அணியோட ரெண்டு பட்டம் ஜெயிச்ச கோச்.

நேரம் கிடைச்சா அந்த 1991 அரையிறுதியின் கடைசி மூணு நிமிஷத்தைப் பாருங்க. பந்தை விட்டுட்டு, ஹர்லியோட முகத்தை மட்டும் கவனிங்க. எப்படி இருந்ததுன்னு எனக்கு எழுதுங்க. வண்டியில் ஏறினா சீட் பெல்ட் போட்டுக்கோங்க.