'டெமகாக்': ஒரு சொல்லின் வரலாறு



மனிதரைப் போலவே சொற்களும் சில வேளை தம் பிறப்பின் பெருமையை இழந்து நிற்கும். பேச்சால் கூட்டத்தைத் தூண்டுவோரைப் பழித்துரைக்கும் 'டெமகாக்' எனும் ஆங்கிலச் சொல் அத்தகையது. அதன் மூலம் கிரேக்கம். 'டேமோஸ்' என்பது மக்களையும், 'அகோகோஸ்' என்பது கூட்டிச் செல்பவரையும் குறிக்கும். சிறுவரைப் பள்ளிக்குக் கூட்டிச் சென்ற அடிமை 'பைடகோகோஸ்' எனப்பட்டார். மக்களைக் கூட்டிச் சென்றவர் 'டேமகோகோஸ்' ஆனார். பிறப்பில் இச்சொல்லுக்கு இழுக்கு ஏதுமில்லை. ஏதென்சு நகரின் பெருந்தலைவர் பெரிக்ளீசை, 'நல்ல டேமகோகோஸ்' என்றே இசாக்ரடீஸ் பாராட்டினார்.

கி.மு. 429இல் பெரிக்ளீஸ் மறைந்தபின் மன்றத்தில் கிளியோனின் குரல் ஓங்கியது. துசிடிடீஸ் அவரை இச்சொல்லாலேயே குறித்தார். கி.மு. 427இல், ஏதென்சை எதிர்த்தெழுந்த மைட்டிலீனி நகரம் பணிந்தது. அந்நகரின் ஆடவரையெல்லாம் கொல்லவும், பெண்டிரையும் பிள்ளைகளையும் அடிமைகளாக்கவும் மன்றம் சினத்தில் முடிவு செய்தது. ஆணையுடன் கப்பலும் புறப்பட்டது. மறுநாள் மக்கள் மனம் இளகிற்று. தாமதம் சினத்தை மழுக்கிவிடும் என்று வாதிட்ட கிளியோன், பழைய முடிவிலேயே நிற்க வேண்டுமென்றார். டயோடோடஸ் மறுத்தார், இரக்கத்தைப் பேசாது, ஏதென்சின் நலனையே எடுத்துரைத்தார். மிகச் சிறிய வேறுபாட்டில் அவர் பக்கம் வென்றது. இரண்டாம் கப்பல் இரவும் பகலும் துடுப்பு வலித்து விரைந்தது. கிளர்ச்சிக்குக் காரணமானோர் கொல்லப்பட்டனர்; எனினும் நகரம் பிழைத்தது.

கி.மு. 424இல் அரிஸ்டோபனீஸ் தம் 'குதிரைவீரர்' நாடகத்தில் கிளியோனை எள்ளி நகையாடினார். சட்டம் ஆளாத இடத்திலேயே இத்தகையோர் தலையெடுப்பர் என அரிஸ்டாட்டில் பின்னர் ஆராய்ந்து கூறினார். சொல்லின் மீது படிந்த கறை நிலைத்துவிட்டது.

இதனைத் தமிழில் எவ்வாறு சொல்வது? 'கிளர்ச்சியாளர்' எனல் பொருந்தாது. உரிமைக்காகக் கிளர்ந்தெழுவோரும் கிளர்ச்சியாளரே. 'வாய்வீச்சுக்காரர்' என்பதும் போதாது. அவர் பேசியதோடு அமைவார். இவரோ பேச்சால் கப்பலையே செலுத்தக்கூடியவர். 'மக்களின் சினத்தைத் தூண்டி ஆள்பவர்' என விரித்துரைத்தலே நன்று.

ஒன்றை மறத்தலாகாது. கொல்லச் சொன்னதும் காக்கச் சொன்னதும் அதே மன்றந்தான். இடையில் இருந்தது ஓர் இரவு. மக்களைக் கூட்டிச் செல்பவர் அனைவரும் பழிக்குரியவரல்லர். எண்ணிப் பார்க்கும் அந்த ஓர் இரவை அவர்க்குத் தர மறுப்பவரே இப்பெயர்க்கு உரியவர்.