படைவீரரும் அரசாங்க உத்தியோகமும்



வேலைவாய்ப்பு அலுவலகம் என்பது படித்துவிட்டு வேலையின்றி இருக்கும் இளைஞருக்காக ஏற்பட்டது என்றே நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். உண்மையில் அது படைவீரருக்காகப் பிறந்தது. இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில், 1945-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், படையிலிருந்து விடுவிக்கப்படவிருந்த வீரர்களைக் குடிவாழ்க்கையில் அமர்த்துவதற்கென மறுவாழ்வு, வேலைவாய்ப்புத் தலைமை இயக்ககம் நிறுவப்பட்டது. 1947-க்குப் பின் எல்லை கடந்து வந்த அகதிகளின் பொறுப்பும் அதனிடம் சேர்ந்தது. ஏனையோர் அனைவருக்கும் அதன் கதவு திறந்தது 1948-இல்தான். படையிலிருந்து மீண்டவர் அரசாங்க வேலை கேட்பதைச் சலுகைக்குக் கையேந்துவதாகக் கருதிக் கூசி நிற்கும் அன்பர்கள் தில்லித் தமிழரிடையே உண்டு. அவர்கள் பொருட்டே இவ்வரலாற்றை முதலில் சொன்னோம்.

பிற துறைகளில் ஒருவர் பதவி உயர்வை எதிர்பார்த்திருக்கும் வயதில், சிப்பாய் ஓய்வு பெற்றுவிடுகிறார். முப்பத்தைந்து, நாற்பது வயது, பிள்ளைகள் பள்ளியிலே, ஓய்வூதியமோ குடும்பத்தின் பாதிப் பாரத்தைத்தான் தாங்கும். ஆண்டுதோறும் ஏறத்தாழ 60,000 பேர் இந்நிலையில் படையை விட்டு வெளிவருகிறார்கள்.

இவர்களுக்கு மத்திய அரசாங்கத்தின் 'சி' பிரிவுப் பணியிடங்களில் 10 விழுக்காடும், பொதுத்துறை வங்கிகளிலும் நிறுவனங்களிலும் அதே பிரிவில் 14.5 விழுக்காடும் ஒதுக்கப்பட்டுள்ளன. பிந்தியதில் 4.5 விழுக்காடு, ஊனமுற்ற வீரர்களுக்கும் களத்தில் உயிர்நீத்தோரின் குடும்பத்தாருக்கும் உரியது. இந்திய ஆட்சிப் பணி போன்ற உயர் தேர்வுகளில் இத்தகைய ஒதுக்கீடு இல்லை. ஐந்தாண்டேனும் படைப்பணி செய்தவர்க்கு வயதில் ஐந்தாண்டுத் தளர்வு மட்டும் உண்டு.

முன்னாள் படைவீரர் என்று சட்டம் யாரைக் கொள்கிறது? தரைப்படை, கடற்படை, விமானப்படை ஆகிய மூன்றில் பணியாற்றி ஓய்வூதியத்துடன் விலகியவரையும், உடற்குறையால் ஓய்வூதியத்துடன் விடுவிக்கப்பட்டவரையும் கொள்கிறது. ஓய்வூதியத்துக்குரிய காலம் நிறையுமுன் தாமே விரும்பி விலகியவர் இதில் அடங்கார். மத்திய ஆயுதக் காவற்படைகளில் பணியாற்றியோரும் இவ்வொதுக்கீட்டில் சேரார். அவர்களும் எல்லையைக் காத்தவர்களே. ஆயினும் விதி அவ்வாறு இருக்கிறது.

வயதுக் கணக்கே பலரை மயக்குவது. 'சி' பிரிவுப் பணிக்கு, நம் வயதிலிருந்து படைப்பணிக் காலத்தைக் கழிக்க வேண்டும். எஞ்சுவது, பணிக்குரிய உச்ச வயதை மூன்றாண்டுக்கு மேல் விஞ்சலாகாது. உச்ச வயது 25 எனக் கொள்வோம். 18 வயதில் சேர்ந்து, 15 ஆண்டுக்குப்பின் 33-இல் வெளிவந்தவர், 43 வயதிலும் தகுதியுடையவரே. 43-இல் 15 போக 28. மறு ஆண்டே அத்தகுதி போய்விடும். ஊரில் வீடு கட்டி முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று ஆண்டுகளைக் கழிப்போர் இக்கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பார்ப்பது நலம். ஒப்பந்தக் காலம் முடிய ஓராண்டு இருக்கும்போதே விண்ணப்பிக்கலாம் என்பதும் பலர் அறியாதது.

பத்தாம் வகுப்புத் தேறி 15 ஆண்டு படைப்பணி முடித்தவர், பட்டப்படிப்பைத் தகுதியாகக் கேட்கும் 'சி' பிரிவுப் பணிகளுக்குப் பட்டதாரியாகவே கருதப்படுவார். தொழில்நுட்பத் தகுதி வேண்டும் பணிகளுக்கு மட்டும் இது செல்லாது. மொழியைப் பற்றியும் முன்போல் அஞ்ச வேண்டியதில்லை. பணியாளர் தேர்வாணையம் தன் பல்பணிப் பணியாளர் தேர்வை 2023 முதல் தமிழிலும் நடத்துகிறது.

தமிழருக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு. அது பெயரில் இருக்கிறது. பள்ளிச் சான்றிதழில் 'மு. முருகேசன்' என்றிருக்கும். படைப் பதிவேட்டில் அந்த 'மு' விரிந்து 'முத்துசாமி முருகேசன்' ஆகியிருக்கும். அல்லது எழுத்தே உதிர்ந்து வெறும் 'முருகேசன்' ஆகியிருக்கும். ஓய்வூதிய ஆணையில் மூன்றாவது வடிவம் ஒன்று. வடநாட்டுக் குமாஸ்தா, தந்தையின் பெயரைக் குடும்பப் பெயரென்று கொண்டு முன்பின்னாக எழுதிவிடுவார். தேர்வில் வென்றபின், சான்றுகளைச் சரிபார்க்கும் மேசையின் முன் இம்மூவரும் ஒருவரே என்று மெய்ப்பிப்பது எளிதன்று. பணியில் இருக்கும்போதே படைப்பதிவு அலுவலகத்துக்கு எழுதித் திருத்திக்கொள்வதே வழி. மதராஸ் படைப்பிரிவினர்க்கு அது வெலிங்டனில் உள்ளது. பிறந்த தேதியையும் அப்போதே ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பிற்படுத்தப்பட்ட வகுப்பினர், மத்திய அரசாங்கப் படிவத்தில் தனிச் சான்று பெற வேண்டும். மாநிலச் சான்று அதற்கு ஈடாகாது.

ஐயம் தீர்க்க அலுவலகங்கள் தொலைவில் இல்லை. மலைமந்திருக்காக நம்மவர் அடிக்கடி செல்லும் அதே இராமகிருஷ்ணபுரத்தின் மேற்குத் தொகுதிக் கட்டடங்களில் மறுவாழ்வுத் தலைமை இயக்ககமும் மத்திய சைனிக வாரியமும் இருக்கின்றன. ஊரில் குடும்பம் வைத்திருப்போர்க்கு, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் உதவும்.

இறுதியாக ஒரு விதி. ஒதுக்கீட்டின்கீழ் ஓர் அரசாங்கப் பணியில் சேர்ந்துவிட்டால், மற்றொரு பணிக்கு அவ்வுரிமையைக் கோர இயலாது. முதலில் கிடைத்த சிறு வேலையில் அவசரமாகச் சேர்ந்து, பின்னர் வந்த நல்ல வேலையை இழப்பது இதனால்தான். 2014 ஆகஸ்டு 14-இல் பிறந்த ஆணை இதற்கு ஒரு வழி திறந்தது. முதற் பணியில் சேருமுன்பே வேறு பணிகளுக்கு விண்ணப்பித்திருந்தால், அவற்றைத் தேதிவாரியாக எழுதி, சேர்ந்த உடனே அலுவலகத்தில் உறுதிமொழியாகக் கொடுத்துவிட வேண்டும். அவற்றுள் ஒன்று பின்னர்க் கிடைப்பின் ஒதுக்கீட்டுரிமை நிலைத்திருக்கும். ஆகவே விண்ணப்பம் அனுப்பும் ஒவ்வொரு நாளும், தேதியையும் பணியின் பெயரையும் ஒரு குறிப்பேட்டில் பதிந்து வாருங்கள். பணியில் சேரும் நாளன்று அதன் படியொன்றைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.